வானத்தில் சந்தித்த இருவர்: எஸ். கே. அலியின் நாவல் ஒன்றை முன்வைத்து

கட்டாரில் தொழில் செய்யும் வாப்பாவைப் பார்த்துவிட்டு வந்த என் தங்கச்சியின் மகள், பேரீச்சம்பழப் பெட்டியோடு ஒரு ஆங்கில நாவலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். 'லவ் புரொம் ஏ டு இஸட்' என்று தலைப்பு. தலைப்பின் முதற்சொல்லே காதல். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாசிச்சுப் பாருங்க மாமா. நீங்க நினைக்கிற மாதிரி ஒண்டும் இதில இல்ல. இதில வாறவங்க ரெண்டு பேரும் தொழுறவங்க."

காதல் கதையைச் சிபாரிசு செய்வதற்கு இப்படியொரு காரணத்தை நான் அதுவரை கேட்டதில்லை. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற வகையில் ஜேன் ஒஸ்டினையும் ஷேக்ஸ்பியரையும் மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அவற்றில் வரும் காதல் பரீட்சைக்கு உரிய காதல். அதைப் பற்றி எங்கட ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் ஒரு முஸ்லிம் பெண்ணும் ஒரு முஸ்லிம் இளைஞனும் காதல் கொள்ளும் கதை என்றதும் எனக்கே கொஞ்சம் உறுத்தியது. அந்த உறுத்தல் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

எஸ். கே. அலி கனடாவில் வாழும் எழுத்தாளர். இளைஞர்களுக்கான அவரது முதல் நாவல் 2017இல் வெளிவந்தது. நாம் இங்கு பேசும் நாவல் 2019இல் வந்தது. சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற பெரிய பதிப்பகம், முஸ்லிம் பாத்திரங்களை மையமாகக் கொண்ட சிறுவர், இளைஞர் நூல்களுக்கென்றே 2016இல் தொடங்கிய சலாம் ரீட்ஸ் என்ற பிரிவின் வெளியீடு இது. மேற்கு நாடுகளின் நாவல்களில் நீண்ட காலமாக முஸ்லிம் பெண் என்றால் வீட்டை விட்டுத் தப்பி ஓடுகிறவள். முஸ்லிம் ஆண் என்றால் அவளை அடைத்து வைக்கிறவன். அந்த வார்ப்பிலிருந்து விலகி எழுத ஒரு தலைமுறையே இப்போது வந்திருக்கிறது. அலி அதில் முக்கியமான ஒருவர்.

கதை எளிமையானது. ஸைனப் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உயர் பாடசாலை மாணவி. வாப்பா பாகிஸ்தானைச் சேர்ந்தவர். உம்மாவின் குடும்பம் கரீபியன் பக்கத்தைச் சேர்ந்தது. வகுப்பில் இஸ்லாத்தைப் பற்றித் தொடர்ந்து விஷம் கக்கும் ஒரு ஆசிரியரோடு மோதியதால் பாடசாலையிலிருந்து இடைநிறுத்தப்படுகிறாள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று, டோஹாவில் ஆசிரியையாக இருக்கும் சாச்சியிடம் அவளை அனுப்பி வைக்கிறார்கள். ஆதம் சீன வழிக் கனேடியத் தகப்பனின் மகன். தகப்பனைத் தொடர்ந்து சிறு வயதிலேயே இஸ்லாத்துக்கு வந்தவன். லண்டனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். விடுமுறைக்கு டோஹாவில் இருக்கும் வாப்பாவிடமும் தங்கச்சியிடமும் போகிறான். அவன் யாருக்கும் சொல்லாத ஒரு செய்தி உண்டு. மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் எனும் நரம்பு நோய் தனக்கு இருப்பதாக அண்மையில்தான் அறிந்திருக்கிறான். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் நோய் அது. அவனது உம்மா மௌத்தானதும் அதே நோயால்தான். வாப்பாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இந்த இருவரும் லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் ஒருவர் கண்ணில் மற்றவர் பட்டு, டோஹா விமானத்தில் அறிமுகமாகிறார்கள். அவளது நீல நிற ஹிஜாப்தான் அவன் கண்ணில் முதலில் பட்டது. அதைவிடப் பெரிய ஆச்சரியம், அவள் கையிலிருந்த குறிப்பேடு. அதே தலைப்பில் அவனிடமும் ஒரு குறிப்பேடு இருக்கிறது.

அந்தத் தலைப்பில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸகரிய்யா அல் கஸ்வினி என்ற அறிஞரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பாரசீகத்தின் கஸ்வினில் பிறந்து, ஈராக்கில் காழியாக இருந்து, 1283இல் மறைந்தவர். அவரது 'அஜாஇபுல் மக்லூகாத்' படைப்பின் அற்புதங்களையும் விசித்திரங்களையும் தொகுத்துச் சொல்லும் நூல். வானில் கோள்களிலும் மலக்குகளிலும் தொடங்கி, பூமியில் கனிமம், தாவரம், விலங்கு, மனிதன் என்று இறங்கி வரும். நூற்றாண்டுகளாக வண்ணச் சித்திரங்களோடு பிரதி செய்யப்பட்ட நூல் அது. அதை முன்மாதிரியாகக் கொண்டுதான் ஆதமும் ஸைனபும், ஒருவரை ஒருவர் அறியாமலே, தமது நாட்களை 'அற்புதம்', 'விசித்திரம்' என்று பிரித்து எழுதி வருகிறார்கள். நாவல் முழுவதும் இந்த இரண்டு குறிப்பேடுகளிலிருந்து மாறி மாறி எடுக்கப்பட்ட பக்கங்கள்தான். இடையிடையே ஒரு கதைசொல்லி வந்து நம்மோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போவார்.

ஆசிரியரின் கெட்டித்தனத்தை நான் இங்குதான் காண்கிறேன். காதல் கதை எழுதும் எவருக்கும் உள்ள பெரிய வசதி தனிமை. இருவரையும் ஓர் அறையில், ஒரு கடற்கரையில், ஒரு ரயில் பெட்டியில் தனியே விட்டுவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். தீனைப் பேணும் இரண்டு பேரை வைத்து எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. கல்வத் கூடாது. கை பிடிக்கக் கூடாது. அப்படியானால் அன்பு எங்கே வளரும்? குறிப்பேட்டில் வளரும் என்கிறார் அலி. ஸைனப் தன் அறையில் இருந்து எழுதுகிறாள். ஆதம் தன் அறையில் இருந்து எழுதுகிறான். இருவருக்கும் தெரியாதது வாசகருக்குத் தெரிகிறது. ஒரே மாலை நேரத்தை இருவரும் எழுதுகிறார்கள். அவள் வெட்கப்பட்டு விட்டுவிட்ட விசயத்தை அவன் எழுதியிருக்கிறான். நமக்கு வரும் சிரிப்பு அந்த இடைவெளியிலிருந்து வருகிறது. ஹலாலின் எல்லை கதையைச் சுருக்கிவிடும் என்று பயந்து கொண்டிருப்பவர்களுக்கு இந்த நாவல் நல்ல பதில். இங்கு அந்த எல்லைதான் கதைக்கு வடிவத்தையே கொடுத்திருக்கிறது.

பிரயாணத்தில் சந்திக்கும் அந்நியர்கள் காதல் கொள்வது உலக இலக்கியத்தில் பழைய கரு. மேற்கில் 1908இல் இ. எம். போஸ்டர் எழுதிய நாவலில் ஓர் ஆங்கிலப் பெண் புளோரன்ஸ் நகரத்து விடுதியில்தான் தன் மனத்துக்குப் பிடித்தவனைச் சந்திக்கிறாள். ஊரில் இருக்கும்போது நாம் இன்னாரின் மகள், இன்னாரின் பேரன். பிரயாணத்தில் அந்தப் பட்டங்கள் கழன்று விழுகின்றன. அதனால்தான் எழுத்தாளர்களுக்குப் பிரயாணம் பிடிக்கிறது.

இந்த விசயம் நமக்கும் புதிதல்ல. ஸபர் என்ற சொல்லுக்கு, மனிதரின் குணத்தைத் திரை நீக்கிக் காட்டுவதால் அந்தப் பெயர் வந்தது என்று இமாம் கஸ்ஸாலி விளக்கம் சொல்லியிருக்கிறார். ஒருவரை நல்லவர் என்று சாட்சி சொல்ல வந்தவரிடம், அவரோடு பிரயாணம் செய்திருக்கிறீரா என்று உமர் (ரழி) அவர்கள் கேட்டதாகச் சொல்லப்படும் சம்பவத்தை நாம் ஜும்ஆ பயான்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்!

அதற்கும் மேலாக, சூரத்துல் கஸஸில் வரும் மத்யன் கிணற்றடியை நினைத்துப் பாருங்கள். எகிப்திலிருந்து தப்பி வந்த மூஸா (அலை) அவர்கள் ஊரில்லாத, உறவில்லாத ஒரு பிரயாணி. இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்து ஒதுங்கி நிற்கிறார்கள். அவர் தண்ணீர் புகட்டிக் கொடுக்கிறார். நிழலுக்கு ஒதுங்கி துஆக் கேட்கிறார். பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி வெட்கத்தோடு நடந்து வருகிறாள். வாப்பாவிடம் அவரைப் பற்றி நற்சாட்சி சொல்கிறாள். வாப்பா அவளது பேச்சைக் கேட்டு, கலியாணப் பேச்சை எடுக்கிறார். இதில் வெட்கமும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது இருக்கக் கூடாது என்று நாம்தான் பின்னால் நினைத்துக் கொண்டோம். கதீஜா (ரழி) அவர்களின் விசயத்திலும், ஷாம் தேசத்து வியாபாரப் பிரயாணத்தில் கண்ட நேர்மையைக் கேட்டறிந்த பிறகுதான் அவர்கள் பக்கத்திலிருந்து சம்பந்தப் பேச்சு வந்தது என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. ஆகவே பிரயாணத்தில் ஒருவரின் குணம் கண்டு, அது நிகாஹ்வில் போய் முடியும் கதை நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு அல்ல.

இனிக் குறைகளுக்கு வருவோம். குறை சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் ஆகாது, கலியாண வீட்டு வாழ்த்துப் பா ஆகிவிடும்.

முதலாவது, தற்செயல்கள். ஒரே தலைப்பில் இரண்டு குறிப்பேடு, அது போகட்டும். ஸைனபின் சாச்சிதான் ஆதமின் மறைந்த தாயாரின் சிநேகிதி. ஆதமின் வாப்பா அதிபராக இருக்கும் அதே சர்வதேசப் பாடசாலையில்தான் சாச்சி படிப்பிக்கிறா. இதெல்லாம் அல்லாஹ்வின் ஏற்பாடு என்பதைக் கதைசொல்லி நமக்கு உணர்த்துகிறார். கத்ரை நம்புகிறவர்களுக்கு அது சரிதான். ஆனால் நஸீபை நம்புவது ஈமானைச் சேர்ந்தது. கதைப் பின்னலுக்கு அதையே முட்டுக் கொடுப்பது வேலை குறைப்பு. இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது, அந்த ஆசிரியர். அவரிடம் வெறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படியானவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை; நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் வெறுப்பவர் ஏன் வெறுக்கிறார் என்று ஒரு நாவல் கொஞ்சமாவது எட்டிப் பார்க்க வேண்டும். ஸைனபின் கோபத்துக்கு நியாயம் உண்டு. பாகிஸ்தானில் அவளது வாப்பாவின் உம்மா ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டவர். அந்தக் கோபத்தை ஆசிரியர் எங்கும் சின்னதாக்கவில்லை, 'பொம்புளப் பிள்ளைக்கு இவ்வளவு கோபம் ஆகாது' என்று அடக்கவும் இல்லை. சமாதானத்தையே விரும்பும் ஆதமும், நியாயத்துக்காகக் கொதிக்கும் ஸைனபும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக் கொள்வதுதான் கதையின் நடுநரம்பு. எதிராளிக்கும் அந்த அளவு கவனம் கொடுத்திருந்தால் நாவல் இன்னும் உயர்ந்திருக்கும்.

மூன்றாவது குறை நம்மைப் போன்றவர்களுக்குத்தான் கூடுதலாக உறைக்கும். இந்த நாவலின் டோஹா, சர்வதேசப் பாடசாலை ஆசிரியர்களின் டோஹா. ஐ. எம். பெய் வடிவமைத்து 2008இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை நூதனசாலையின் டோஹா. எனக்குத் தெரிந்த டோஹா வேறு. அது என் மச்சானின் கடிதங்களிலும், பிறகு வட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் வந்த டோஹா. ஓர் அறையில் எட்டுப் பேர், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சமைக்கும் மீன் ஆணம், வீட்டுக்கு அனுப்பும் காசுக் கணக்கு. எங்கள் ஊர்களிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்களின் வளைகுடா அதிலும் வேறு. அநியாயத்தைக் கண்டால் கொதிக்கும் ஸைனபின் கதையில் அந்த மனிதர்கள் மையத்துக்கு வரவில்லை. ஒரு நாவல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயமில்லைதான். ஆனாலும் விமானத்தின் அதே வரிசையில் எங்கட ஊர்ப் பெண்ணொருத்தி, முதல் தடவையாக, ஆசனப் பட்டியைப் பூட்டத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். அவளது பிரயாணத்தை எழுத வேண்டியவர்கள் கனடாவில் இல்லை, இங்குதான் இருக்கிறார்கள்.

அதுதான் என் கவலை. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பெரும்பாலோர் கொள்ளும் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885இல் சித்திலெப்பை எழுதியது. எகிப்து, பம்பாய், கல்கத்தா என்று ஓடும் பிரயாணக் கதை அது. நாம் நாவல் எழுதத் தொடங்கியதே கப்பலேறித்தான். வீர சாகசமும் வியப்பும் கலந்து தொடங்கிய அந்த மரபு பிறகு எங்கே போயிற்று? இன்று நமது கதைகளில் பிரயாணம் என்றால் பிரிவு, இடம்பெயர்வு, வெளிநாட்டு மௌத்துச் செய்தி. இந்தத் துயரங்கள் உண்மையானவை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் பிரயாணத்தை எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் துயரம் மட்டும்தான் இலக்கியம் என்று எப்போது தீர்மானித்தோம்? காதலை எழுதினால் ஒன்றில் அது பெற்றாரை அழவைக்கும் ஓட்டம், அல்லது கடைசிப் பக்கத்தில் உபதேசம். சிரித்துக் கொண்டே வாசிக்கக் கூடிய, வாசித்து முடித்ததும் மனம் லேசாகும் ஒரு கலியாணக் கதை நம்மிடம் அரிது. எங்கட பிள்ளைகள் அதைக் கொரிய நாடகங்களிலும் ஆங்கிலப் புத்தகங்களிலும் தேடிக் கொள்கிறார்கள். தேடக் கூடாது என்று தடுப்பதைவிட நாம் எழுதிக் கொடுப்பது மேல்.

இது வெறும் பொழுதுபோக்குப் பிரச்சினையும் அல்ல. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகள் பதிவில் கையொப்பமிட வேண்டும் என்று கேட்கவில்லை. இதைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கையைக் கையளித்தது. சட்டம் பற்றி வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். ஆனால் ஒரு பெண் தன் கலியாணத்தைப் பற்றித் தானே யோசித்து, தயங்கி, கேள்வி கேட்டு, கடைசியில் விருப்பத்தோடு ஓமென்று சொல்வது எப்படியிருக்கும் என்பதைச் சட்டப் புத்தகம் காட்டாது. கதைதான் காட்டும். ஸைனப் நானூறு பக்கத்துக்குக் கிட்ட அதைத்தான் செய்கிறாள். இந்தக் கதையின் தொடர்ச்சியாக 2022இல் வந்த நாவலில் இருவரும் கணவன் மனைவியாக உம்ராவுக்குப் போகிறார்கள். காதல் கதை கலியாணத்தோடு முடிந்துவிடும் என்ற பழக்கத்தையும் ஆசிரியர் விட்டுவிட்டார்.

நாவலை நான் மூன்று இரவில் முடித்தேன். தங்கச்சிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனால் மூன்று பின்னேரம் அவள் இடியப்பம் பிழிந்து கொண்டிருக்க, குசினி வாசலில் கதிரை போட்டு இருந்து கதையைத் தமிழில் சொன்னேன். மகள் உள்ளறையில் இருந்து கேட்டுக் கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த நாட்களில் ஒரு சம்பந்தம் பேசிக் கொண்டிருந்தார்கள். பொடியனின் தொழில், காணி, வீடு எல்லாம் பேசி முடிந்திருந்தது.

ஆதமின் நோயைப் பற்றிச் சொன்னதும் தங்கச்சியின் கை நின்றுவிட்டது.

"நானா, அந்தப் பொடியன்ட வருத்தம் அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் விரும்புறா."

"அவ உம்மாவும் வாப்பாவும் என்ன சொன்ன?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "பெத்தவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும். ஆனா அந்தப் பிள்ளைக்கிட்டக் கேட்டாங்கதானே."

எத்தனையோ ஆய்வரங்குகளில் கட்டுரை வாசித்திருக்கிறேன். ஒரு நாவலின் மையத்தை இவ்வளவு நேராகத் தொட்ட கேள்வியை நான் கேட்டதில்லை. புத்தகத்தின் தலைப்பைக்கூட அவள் கேட்கவில்லை. உரலைத் திரும்பவும் எடுத்து இரண்டு தட்டுப் பிழிந்தாள். பிறகு உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"மகள், இங்க வாங்க. உங்களுக்கிட்ட ஒரு விசயம் கேக்கணும்."

நான் கதிரையை எடுத்துக் கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் அது அவர்களது கதை.